கூரையை முட்டும் புகைபோக்கி

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் படிகளுக்குக் கீழே, தரையில், இன்னோர் உலகம் உண்டு. அதைப் ‘பார்க்’ என்போம். மணலைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டுப் புல்தரை ஆக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதித்து, செங்கல் துண்டுகளால் மலை எழுப்பி, சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை விடுவது பிள்ளைகளின் பொறுப்பு. படியில் அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மையும் அவர் முன்னால் பரப்பிய அரிசி பருப்பும்கூட ஒரு கடைத்தெருவின் சிறிய வடிவம்தான். டிசம்பர் வந்தால் ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கிறிஸ்தவத் தெருக்களில் எழும் குடில்களிலும் இதே கைவேலையைக் காணலாம்: தாளைக் கசக்கி மலை, வைக்கோலில் கூரை, சீரியல் செட்டில் நட்சத்திரங்கள். ஊரைச் சிறிதாக்கிச் செய்து பார்க்கும் ஆசை நமக்குப் புதிதில்லை. ‘டயோரமா’ என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் பொழுதுபோக்கின் விதை நம் வீட்டுத் தரையிலேயே கிடக்கிறது. ஆனால் பண்டிகை முடிந்ததும் அதைக் கூட்டிப் பெருக்கிவிடுகிறோம். அதில் வரும் ஊரும் பெரும்பாலும் தெப்பக்குளமும் தேரோடும் வீதியுமாக, அல்லது கிணறும் மாட்டுவண்டியும் உள்ள ஏதோ ஒரு கிராமமாக இருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பஜாரை நெரித்துக்கொண்டு போகும் கன்டெய்னர் லாரி அதில் வருவதேயில்லை. அது வர வேண்டும் என்பதும், அதைப் பெரியவர்கள் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும் என்பதும், அப்படிச் செய்வதைப் போல வடசென்னைத் தொழிற்பட்டையைப் புரிந்துகொள்ள உதவும் வழி வேறு அதிகம் இல்லை என்பதும் என் கருத்து.

பொம்மை ஊருக்கும் டயோரமாவுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: அளவு. பார்க்கில் வாத்து காரைவிடப் பெரிதாக இருக்கும், யாரும் கேட்பதில்லை. டயோரமாவில் எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அதிகமாகப் பின்பற்றும் விகிதம் 1:87. அதில் ஓர் ஆள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரம், ஒரு மாடி வீடு ஒரு கைப்பிடி உயரம். இடம் குறைவாக உள்ளவர்கள் 1:160 எடுப்பார்கள். அதில் ஆள் 1 சென்டிமீட்டர். இப்போது இதே விதியை மீஞ்சூருக்குக் கிழக்கே உள்ள அனல்மின் நிலையத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் அலகுகளின் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் பொது விதி. 1:87-ல் அது 3 மீட்டர் 16 சென்டிமீட்டர். சாதாரண வீட்டின் கூரை 10 அடி, அதாவது 3 மீட்டர் 5 சென்டிமீட்டர். புகைபோக்கி கூரையை முட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அதன் அடியில் 2 சென்டிமீட்டர் மனிதர்கள் நிற்பார்கள். மீஞ்சூரிலும் அத்திப்பட்டிலும் நாள்தோறும் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது தன் வீட்டைவிட எத்தனை மடங்கு உயரம் என்பது தெரிவதில்லை. தூரம் அதை மறைக்கிறது, பழக்கம் அதைவிட அதிகமாக மறைக்கிறது. அளவுகோலோடு மேசைக்கு முன் உட்காரும்போதுதான் தெரிகிறது.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் ஒரு சமரசம் செய்துகொள்வார்கள். புகைபோக்கியைப் பாதியாகக் குறைத்து, ‘பார்வைக்குச் சரியாக இருக்கிறது’ என்று விட்டுவிடுவார்கள். மாதிரி ரயில் பொழுதுபோக்கில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். தூரத்தைச் சுருக்காமல் எந்த ரயில் பாதையையும் ஓர் அறைக்குள் அடக்க முடியாது. எண்ணூரிலிருந்து அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் வழியாக மீஞ்சூர் வரும் பாதையை 1:87-ல் அப்படியே போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பதினொன்றரை மீட்டர் நீளம் வேண்டும். ஆகவே வெற்று வெளியை வெட்டி எடுக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் உயரத்தையும் பரப்பையும் குறைக்கக் கூடாது என்பேன். இந்தப் பட்டையைப் பொறுத்தவரை, எது பெரிது, எது சிறிது, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பவைதான் சொல்லவேண்டிய செய்தி. அதைத் திருத்திவிட்டால் செய்த உழைப்பு வெறும் அலங்காரமாகிவிடும்.

மீஞ்சூரை ஏன் எடுக்க வேண்டும்? இவ்வளவு சிறிய பரப்பில் இவ்வளவு வகை நிலமும் தொழிலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடம் தமிழ்நாட்டில் அரிது. வடகாஞ்சி என்று சொல்லப்படும் ஏகாம்பரநாதர் கோயிலும் அதைச் சுற்றிய பழைய ஊரும் ஒரு பக்கம். கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயில் பாதை நடுவில். வண்டலூரில் புறப்படும் வெளிவட்டச் சாலை வந்து முடிவது இங்கே. கிழக்கே வல்லூரில் மூன்று 500 மெகாவாட் அலகுகள். அதற்கு அப்பால் 1994-ல் முதல் அலகு ஓடத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம். அதன் நிலக்கரிக்காகவே முதன்மையாகத் திட்டமிடப்பட்டு 2001-ல் செயல்பட வந்த எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இவை எல்லாவற்றுக்கும் ஊடே கொசஸ்தலை ஆறும், பக்கிங்காம் கால்வாயும், பழவேற்காட்டிலிருந்து இறங்கும் கழியும் ஒன்றோடொன்று கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் மீனவர்களும், சேற்றுக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் வாழ்வது அந்த நீரை நம்பித்தான். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கோப்பு, தனித்தனி வரைபடம் இருக்கின்றன. துறைமுகத்தின் வரைபடத்தில் மின்நிலையம் ஒரு வெற்றுக் கட்டம்; மின்நிலையத்தின் வரைபடத்தில் குப்பம் ஒரு புள்ளி. பெயர்கள்கூட இடம் மாறிக் கிடக்கின்றன: மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் என்று 2010 முதல் அழைக்கப்படுவது இருப்பது காட்டுப்பள்ளிக் கடற்கரையில். ஒரே பலகையின் மேல் இவற்றை அருகருகே ஒட்ட வேண்டிய கட்டாயம் டயோரமா செய்பவருக்கு மட்டும்தான் இருக்கிறது. குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, தண்டவாளம் எந்த ஓடையைக் கடக்கிறது, தெருவின் கடைசி வீட்டுக்கும் மின்நிலையச் சாம்பல் குளத்தின் கரைக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கண்டுபிடிக்காமல் அவர் பசையைத் தொட முடியாது.

பரப்பளவு பற்றிய ஓர் எடுத்துக்காட்டு இதை இன்னும் தெளிவாக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் பல ஆண்டுகளாக விவாதத்தில் உள்ளது. அதற்கான பொதுக் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. ஏக்கர் என்ற எண்ணை நாளிதழில் படிக்கும் ஒருவருக்கு 330-க்கும் 6,100-க்கும் உள்ள இடைவெளி எண்ணாகவே நிற்கும். 1:1000 விகிதத்தில் அதையே தரையில் விரித்தால், இன்றைய துறைமுகம் சுமார் 1.3 சதுர மீட்டர், அதாவது ஒரு சாப்பாட்டு மேசை. விரிவாக்கம் ஏறக்குறைய 25 சதுர மீட்டர். பல வீடுகளின் கூடத்தைவிடப் பெரிது. திட்டம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அந்தத் தரையைச் சுற்றி நின்று பேசலாம். டயோரமா எந்தக் கட்சியையும் எடுக்கவேண்டியதில்லை. அளவைச் சரியாகக் காட்டினால் போதும். வரைபடங்களின் மேலேயே நம்பிக்கை தளர்ந்துபோன இடம் இது. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகப் பரப்பு பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போய்விட்டது என்று 2017-ல் மீனவர்களும் சூழலியலாளர்களும் குரல் எழுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். காகிதத்தில் ஒரு கோட்டை அழிப்பது எளிது. ஊரார் கூடி அளந்து செய்து, பொது இடத்தில் வைத்த மாதிரியிலிருந்து ஓர் ஆற்றை எடுத்துவிட்டால், எடுத்தது எல்லாருக்கும் தெரியும்.

மேலே தெரிவதை மட்டும் செய்தால் மீஞ்சூரின் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நல்ல டயோரமா செய்பவர்கள் பலகையின் பக்கவாட்டை வெறும் மரமாக விடாமல், நிலத்தைக் கத்தியால் வெட்டியெடுத்த முகம்போல மண் அடுக்குகளை வரைந்து காட்டுவதுண்டு. மீஞ்சூருக்கு இந்த உத்தி தவிர்க்க முடியாதது. 1960-களின் இறுதியிலிருந்து சென்னையின் தேவைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நிலத்தடி நீர் பெருமளவில் எடுக்கப்பட்டது. நல்ல நீர் குறையக் குறைய, கடல்நீர் மணல் அடுக்குகளுக்குள் நிலத்தை நோக்கி நகர்ந்தது. வயலும் கிணறும் உப்பாயின. கடல்நீர் ஊடுருவலுக்கு இந்திய நிலத்தடி நீரியலாளர்கள் எடுத்துக்காட்டாகப் பேசும் இடங்களில் மீஞ்சூர் ஒன்று. நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுத்து உப்பைப் பெற்றுக்கொண்ட ஊரின் பெயரிலேயே, இன்று கடல்நீரை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. பலகையின் மேல்முகத்தில் அந்த நிலையத்தையும், பக்கமுகத்தில் உள்ளே ஏறிவரும் உப்பு நீரை நீல நிறத்திலும் காட்டினால், பள்ளிப் பிள்ளை ஒருவர் ஒரே பார்வையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடுவார். பாடநூலில் இவை இரண்டு வெவ்வேறு பாடங்கள்.

இதெல்லாம் விளையாட்டுச் சாமான்தானே, இதன் மேல் இவ்வளவு கனத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டுச் சாமான் என்பதை இந்தப் பகுதி இழிவாக நினைக்க வேண்டியதில்லை. இன்று டயருக்குப் பெயர்போன எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத்தான் பிறந்தது. மாதிரியை வைத்து உண்மையைக் கற்கும் வேலையும் இதே ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் மேற்பகுதியில், பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டி, அரசின் நீரியல் ஆராய்ச்சி நிலையம் 1940-களிலிருந்து இருக்கிறது. அணையின் கலிங்கு, கால்வாயின் வளைவு, கரையின் அரிப்பு ஆகியவற்றை வெட்டவெளியில் சிறிய வடிவில் கட்டி, அதில் உண்மையான நீரை ஓடவிட்டுப் பார்த்துத்தான் பொறியாளர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940-களில் மரணம் நிகழ்ந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், கதவுக் கைப்பிடி முதல் சுவர்க் காலண்டர் வரை அப்படியே செய்தார். துப்பறியும் காவலர்களுக்குக் கண்ணைப் பழக்குவதற்காக அவர் செய்த அந்தப் பெட்டிகளை வைத்து இன்றும் பால்டிமோரில் பயிற்சி நடக்கிறது. நியூயார்க்கில் 1964 உலகக் கண்காட்சிக்காக நகரம் முழுவதையும் 1:1200-ல் செய்தார்கள். ஏறக்குறைய 8,95,000 கட்டடங்கள். அது இன்றும் குவீன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அதில் முதலில் தேடுவது தங்கள் வீட்டை. கவனித்துப் பார்க்கும் பழக்கம் கையிலிருந்து தொடங்கும் என்பதற்கு இவை போதும்.

அதே சமயம், பொழுதுபோக்கு என்பதை மறந்து இதை வெறும் ஆவணப் பணியாக ஆக்கிவிடவும் கூடாது. கைக்கு இன்பம் இல்லாத வேலையை யாரும் பத்து ஆண்டுகள் இரவில் விழித்திருந்து செய்யமாட்டார்கள். வடசென்னை அந்த இன்பத்தை அள்ளித் தருகிற நிலப்பரப்பு. டயோரமாக் கலையில் மிகக் கடினமானதும் மிக மதிக்கப்படுவதும் ‘பழையதாக்குதல்’. புதிதாகச் செய்த சுவருக்கு வயதை ஏற்ற வேண்டும்: வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் தங்கவிட்டு, மேடுகளில் காய்ந்த தூரிகையால் லேசாக வெளிர் நிறம் தடவி, இரும்புச் சட்டத்தின் மூட்டிலிருந்து கீழே வழிந்த துருவின் கோட்டை ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுக்க வேண்டும். உப்புக் காற்றில் ஜன்னல் கிராதி எந்த இடத்தில் முதலில் அரிக்கும், சுண்ணாம்பு எந்த உயரம் வரை பொரிந்து உதிரும், நிலக்கரித் தூள் மழையில் கழுவப்பட்டுத் தகரக் கூரையின் எந்தப் பள்ளத்தில் தேங்கும் என்று பார்க்கத் தெரிந்தவருக்கு எண்ணூர் நெடுஞ்சாலை ஒரு பல்கலைக்கழகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியில் பரவியபோது, படகுகளின் பக்கத்திலும் அலையாத்தி மரங்களின் அடியிலும் வீட்டுச் சுவர்களிலும் நீர் நின்ற மட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு படிந்தது. எல்லாப் பொருளிலும் ஒரே மட்டத்தில் ஓடும் அந்தக் கோட்டைச் சரியாக வரைவது எந்தத் தேர்ந்த கைக்கும் ஒரு சோதனை. அதைச் செய்து முடித்தவர் அந்த வெள்ளம் எந்தெந்த வீட்டுக்குள் எவ்வளவு ஏறியது என்பதையும் கற்றிருப்பார்.

இது வசதியானவர்களின் பொழுதுபோக்கு, வடசென்னைக்கு எட்டாது என்பது அடுத்த எதிர்ப்பு. இறக்குமதியாகும் ரயில் இன்ஜின் ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய் என்பது உண்மைதான். அது இந்தியாவுக்குச் சரியாகப் பொருந்துவதும் இல்லை. கடையில் கிடைக்கும் 1:87 தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் அளவு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். சரியான விகிதத்தில் அது 19 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆக, விலை கொடுத்து வாங்கினாலும் மின்சார ரயில் குறுகலான பாதையில்தான் ஓடும். துல்லியம் வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். செய்வதற்கான கைகள் இங்கே ஏராளம். வார்ப்பாலைகளில் மரத்தில் அச்சு மாதிரி செதுக்கியவர்கள், லேத்தில் மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துக் கடைந்தவர்கள், ஃபிட்டரும் வெல்டருமாக அசோக் லேலண்டிலும் என்ஃபீல்டிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், காசிமேட்டில் படகு கட்டுபவர்கள், ஐடிஐ படிக்கும் பிள்ளைகள், கொலு பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் பெயர்போன கொசப்பேட்டையின் கைவினைஞர்கள் என்று ஒரு பெரும் திறமைக் களஞ்சியம் இந்தப் பட்டையில் இருக்கிறது. பொருளும் தொலைவில் இல்லை. அட்டையும் தாளும் ஆண்டர்சன் தெருவில். சிறு மோட்டாரும் எல்இடி விளக்கும் ரிச்சி தெருவில். காய்ந்த தேயிலைத் தூள் மண்ணாகும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் புதராகும், தீக்குச்சி மின்கம்பமாகும். தீப்பெட்டி ஆலையின் பெயரை இன்றும் மெட்ரோ நிலையத்துக்கு வைத்திருக்கும் ஊர்கள் இவை.

எனக்கு உண்மையில் கனமாகத் தோன்றும் எதிர்ப்பு வேறொன்று. சிறியதெல்லாம் அழகு. எவ்வளவு கடுமையான இடமும் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும்போது பார்க்க இனிமையாகிவிடுகிறது. புகையும் சாம்பலும் சுமந்து வாழும் மக்களின் ஊரைப் பஞ்சுப் புகையும் மினுக்கும் விளக்குமாக ஆக்கி வேடிக்கை பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி ஆகாதா? இந்த ஆபத்து கற்பனையல்ல. இங்கிலாந்தில் 1929-ல் தொடங்கிய பெக்கன்ஸ்காட் என்ற சிற்றூர் உலகின் பழைமையான மாதிரி ஊர்களில் ஒன்று. காலத்துக்கேற்ப அதில் புதிய கட்டடங்களைச் சேர்த்து வந்தவர்கள் 1990-களில் அவற்றை நீக்கிவிட்டு, 1930-களின் இங்கிலாந்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அது இனிய ஊர். கவலைகளுக்கு அங்கே இடமில்லை. மீஞ்சூருக்கு அந்த வழி ஆகாது. ஆனால் மாற்று வழி ஒன்று இன்னொரு துறைமுக நகரத்தில் இருக்கிறது. ஹாம்பர்க்கில், பழைய துறைமுகக் கிடங்குகள் நிறைந்த பகுதியில், 2001-ல் பிரவுன் சகோதரர்கள் தொடங்கிய மினியாட்டூர் வுண்டர்லாண்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் ஓடும் 1:87 உலகம். மலையும் விமான நிலையமும் திருவிழாவும் மட்டும் அங்கே இல்லை. பெர்லின் சுவர் எழுந்து ஒரு நகரம் இரண்டானதைப் படிப்படியாகச் சொல்லும் காட்சிப் பெட்டிகளையும் அவர்கள் அதே நுணுக்கத்தோடு செய்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அங்கே நின்று படிக்கிறார்கள். சிறியதன் அழகு மக்களை அருகே இழுக்கும் விசை. அருகே வந்தவருக்கு எதைக் காட்டுகிறோம் என்பது செய்பவரின் நேர்மையைப் பொறுத்தது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் நீரைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. அந்தக் குழாயைச் செய்துவிட்டு அதன் கீழே ஆற்றுப் படுகையைச் சாம்பல் நிறத்தில் பூசாமல் விடுபவர், ஒழுக்கத்தில் மட்டுமல்ல, தன் கலையிலும் தவறுகிறார். உண்மையில் இருக்கும் நிறத்தைப் பூசாதவரை எந்த டயோரமாப் போட்டியும் ஏற்காது.

செயற்கைக்கோள் படமும் முப்பரிமாண வரைபடமும் கைபேசியிலேயே இருக்கும்போது தெர்மாகோலை எதற்கு அறுக்க வேண்டும் என்பாரும் உண்டு. கைபேசி வரைபடம் தகவலைத் தருவதில் ஈடற்றது. டயோரமா செய்பவரும் தூரத்தை அளக்க அதைத்தான் திறப்பார். ஆனால் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அளவு ஒவ்வொரு முறையும் மாறிவிடுகிறது. குப்பத்து வீடும் நிலக்கரிக் கிடங்கும் ஒரே திரையை நிரப்புகின்றன. எது எத்தனை மடங்கு என்பது மனத்தில் நிற்பதில்லை. திரையை ஒருவர்தான் பார்க்கலாம்; மேசையைச் சுற்றி இருபது பேர் நிற்கலாம். எல்லாவற்றையும்விட, செயற்கைக்கோளுக்குப் பெயர்கள் தெரியாது. எந்த மடுவில் எந்தப் பருவத்தில் இறால் வரும், எந்த மணல்திட்டு எந்த ஆண்டில் கரைந்தது, பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகு வந்து நின்ற படித்துறை எது என்பதெல்லாம் ஊராரின் பேச்சில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் வந்து நின்று, ‘இது இங்க இல்லப்பா, இன்னும் அந்தாண்ட’ என்று விரல் வைத்துத் திருத்துவதற்கு ஒரு பொருள் வேண்டும்.

துறைமுகமும் மின்நிலையமும் பாதுகாக்கப்பட்ட வளாகங்கள். அவற்றைப் படமெடுத்துப் பிரதி செய்வது சிக்கலாகாதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ரயில் ஜன்னலிலிருந்தும் பொதுச் சாலையிலிருந்தும் தெரிவதைத் தவிர வேறொன்றும் இதற்கு வேண்டாம். உள்ளே என்ன இயந்திரம் ஓடுகிறது என்பதைவிட, மதிலுக்கு வெளியே டீக்கடை எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த ஊருக்கு முக்கியம்.

எங்கே வைப்பது, யார் செய்வது என்பவற்றுக்கு வழி இருக்கிறது. தனியொருவர் தன் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு தெருவையும் ஒரு ரயில் நிலைய நடைமேடையையும் 1:160-ல் செய்து தொடங்கலாம். புகைபோக்கி அப்போதும் ஆள் உயரத்துக்கு, 1 மீட்டர் 72 சென்டிமீட்டராக நிற்கும். புனேயில் பாவ்சாகேப் ஜோஷி என்ற தனிமனிதரின் ரயில் பொழுதுபோக்குதான் 1998-ல் பொதுமக்கள் வந்து பார்க்கும் சிற்றுரு ரயில் அருங்காட்சியகமாக வளர்ந்தது. இங்கே அதற்கு ஓர் அறையை மீஞ்சூர் பேரூராட்சியோ, நூலகத் துறையோ, இந்தப் பகுதியிலேயே பெருமளவு ஈட்டும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ தரலாம். நிறுவனம் பணம் கொடுத்தால் மாதிரியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதில் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு மட்டுமே அதை வாங்க வேண்டும். பள்ளிகளில் ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் எரிமலையும் காற்றாலையும் செய்யும் பிள்ளைகள், அதே உழைப்பில் தங்கள் தெருவை அளந்து செய்யலாம். ஒரு வகுப்பு ஒரு தெரு என்று போனால், சில ஆண்டுகளில் கோயில் தெருவிலிருந்து முகத்துவாரம் வரை பலகைகள் ஒன்றோடொன்று சேரும்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்த ஆண்டின் மீஞ்சூரைச் செய்வது என்பது. டயோரமாவில் காலம் ஒரே நொடியில் நிற்கும்; அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டு பலகைகள் செய்யலாம் என்பது என் யோசனை. ஒன்று இன்றைய நாள். மற்றொன்று 1994-க்குச் சற்று முன்: வடசென்னை அனல்மின் நிலையம் புகை விடாத வானம், துறைமுகம் இல்லாத கடற்கரை, உப்பளங்களும் கழியும் நெல்வயலும். இன்றைய பலகைக்கு அவசரமில்லை. அதை அளந்துகொள்ள எப்போதும் ஆள் கிடைப்பார்கள். பழைய பலகைக்கு அந்த வசதி கிடையாது. அந்த நீரில் வலை போட்டு வளர்ந்து, அதன் ஆழமும் திருப்பமும் காலால் தெரிந்தவர்களில் இளையவருக்கே இன்று ஐம்பது வயது ஆகிவிட்டது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது பழைய பலகையை; அதிலும் முதலில் வரைய வேண்டியது ஆற்றின் பழைய கரையை. அவர்களை உட்காரவைத்து, கேட்டு, குறித்து, அவர்கள் சரி என்று சொல்லும்வரை களிமண்ணைக் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும்.